உள்ளது உள்ளபடி

நம்ப முடியவில்லை என்றால் விட்டுவிடுங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் இது டெனீஸ் ருஸ்காவுக்கு நிஜமாகவே நடந்தது. பேய் என்றாலே சிரிக்கிற பெண் அவள்.

அமெரிக்காவில், யங்ஸ்டவுன் ஊரில் எங்கள் இருவருக்கும் ஒரே பிழைப்பு. தவணை கட்ட முடியாமல் மூழ்கிய வீடுகளைப் பார்ப்போம். கடனைவிடக் குறைந்த விலைக்கே விற்றுவிட வங்கியைச் சம்மதிக்க வைப்போம். ஷார்ட் சேல் என்பார்கள். அப்படி நாங்களே வாங்கிக் கைமாற்றுவதில்தான் லாபம். வீடு எவ்வளவு பாழோ, விலை அவ்வளவு இறங்கும். ஆரம்பத்தில் டெனீஸ் ஒவ்வொரு வீட்டிலும் அழுவாள். பிறகு மரத்துப்போனாள். சுவரில் பிள்ளைகளின் உயரத்தைக் குறித்த பென்சில் கோடுகளைக்கூடக் கறை என்றுதான் எழுதுவாள். சென்ற ஜனவரியில் அவளுடைய வீடே ஏலத்துக்கு வர இருந்தது. பெட்ராக் என்பவரின் வீட்டு வியாபாரம் முடிந்தால்தான் அது தப்பும்.

வீட்டுக்காரர் வெய்ன் பெட்ராக், பக்கத்து ஊரான ஆக்ரனில் தங்கை வீட்டுக்கே போய்விட்டார். "சாவி மிதியடிக்கு அடியில இருக்கு. நீயே போய்ப் பாத்துக்கம்மா. நான் வரல" என்றார்.

மதியம் மூன்று மணி. வெளியே பனி. உள்ளே அதைவிடக் குளிர். குழாய்கள் வெடிக்காமலிருக்க வங்கி ஆட்கள் தண்ணீரை நிறுத்தி, குளிரில் உறையாத இளஞ்சிவப்பு மருந்தை வடிகால்களில் ஊற்றியிருந்தார்கள். மாடியில் குளியலறையை யாரும் திறக்காமலிருக்கக் கதவின் குறுக்கே நாடா ஒட்டியிருந்தார்கள். கூரை ஒழுகியிருந்தது. படம் எடுத்தாள். நிலவறையில் ஒரு சுவரே புடைத்து நின்றது. அவளுக்குச் சந்தோஷம்.

அப்போதுதான் கேட்டது...

மாடியில் தண்ணீர். தொட்டி நிறைகிற சத்தம்.

வெய்னுக்குப் போன் போட்டாள்.

"தண்ணிய நிறுத்தியாச்சுல்ல?"

"போன மாசமே."

"மேல ஓடுதே!"



"அவ குளிக்கிறாம்மா. நீ உன் வேலையப் பாரு."

மனைவியாக்கும் என்று நினைத்தாள் டெனீஸ். போக்கிடம் இல்லாதவர்கள் பழைய வீட்டுக்கே திருட்டுத்தனமாகத் திரும்புவதை நிறையப் பார்த்தவள். படியடியில் வந்து நின்றாள்.

"பயப்படாதீங்கம்மா. நான் போலீஸ் இல்ல. வீடு வாங்க வந்தவ."

தண்ணீர் நின்றது.

"எல்லாத்தையும் எடுத்துக்குவீங்களா?" பெண் குரல்.

எல்லா வீட்டிலும் சொல்வதைத்தான் சொன்னாள், யோசிக்காமல்.

"உள்ளது உள்ளபடி எடுத்துக்கிறேன். உள்ள இருக்கிற எதையும் நீங்க காலி பண்ண வேணாம்."

"நெசமாவா?"

"சத்தியமா."

பிறகு சத்தமே இல்லை. மேலே ஏறினாள். நாடா கிழியவில்லை. பிய்த்துத் திறந்தாள். தொட்டி காய்ந்து கிடந்தது.

திரும்பினாள்...

படிகளில் ஈரக் காலடிகள். இளஞ்சிவப்பு.

கீழே இறங்கின.

வாசலைத் தாண்டின.

பனியில் அவள் கார்வரை.

திரும்பி வந்த தடம் இல்லை.

டெனீஸ் கத்தவில்லை. பயம்கூட வரவில்லை. காரில் ஏறி வீட்டுக்கு ஓட்டினாள். வழியெல்லாம் சோப்பு வாசனை.

அன்று ராத்திரி வெய்ன் போன் செய்தார். "ரொம்ப நன்றிம்மா. இன்னிக்குத்தான் இங்க தங்கச்சி வீட்டுல தண்ணிச் சத்தமே இல்ல."

வங்கி ஒப்புக்கொண்டது. டெனீஸின் வீடு தப்பியது. கையெழுத்துப் போட வெய்ன் தங்கையோடு வந்தார். உங்கள் அண்ணி வரவில்லையா என்று டெனீஸ் கேட்டதும் அந்தத் தங்கை சிரித்துவிட்டாள்.

"அண்ணியா? எங்கண்ணனுக்குக் கல்யாணமே ஆகலையே! தனிக்கட்டை. சல்லிசா கிடைக்குதுன்னு அந்த வீட்ட வாங்கிப்போட்டான். சாமான்செட்டோட, உள்ளது உள்ளபடி."

போன வாரம் டெனீஸ் என்னைக் கூப்பிட்டாள். அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய வீட்டை விற்கப்போகிறாளாம். ஒரு விரிசல்கூட இல்லாத வீடு, பாதி விலைக்கு.

"சாவி மிதியடிக்கு அடியில இருக்கு. நீயே போய்ப் பாத்துக்க. நான் வரல" என்றாள்.

தன் அம்மா வீட்டிலிருந்து பேசுவதாகச் சொன்னாள். அவள் குரலுக்குப் பின்னால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.