சியூ லானின் ஐந்து வெள்ளி

என் அப்பா செல்லப்பன் என் அம்மா சியூ லானுக்கு ஐந்து வெள்ளி கடன்பட்டிருந்தார். வெள்ளி என்றால் எங்கள் ஊர்ப் பணம். பழைய சைக்கிள் வாங்கிய கடன். அப்போது அவர்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை. யோங் பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அப்பா பாலெடுக்க மரம் வெட்டினார். அம்மா அங்கிருந்த சீனக் கடைக்காரரின் மகள். கடன் வாங்கத் தெரிந்தவருக்கும் வசூலிக்கத் தெரிந்தவளுக்கும் பிறந்தவன் நான். மூன்றாம் வகுப்போடு நின்றேன். இன்று ஸ்கூடாயில் என் பெயர் போட்ட லோரி ஏழு ஓடுகிறது, கணக்கு எழுதுவது பட்டதாரிகள்.

ஜப்பான்காரன் வந்தான். முதலில் சைக்கிளைப் பிடுங்கினான். அடுத்து, தன்னோடு சண்டையிட்ட சீனாவுக்கு நிதி கொடுத்தவர் என்று கடைக்காரரை லோரியில் ஏற்றிப் போனான். அவர் திரும்பவேயில்லை. அவர் மனைவி ஒரு பக்கம் ஓட, அம்மா தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்துக்கு ஓடிவந்தாள். அப்பாவின் அக்கா பேச்சியம்மாள் யோசிக்கவேயில்லை. சேலை சுற்றி, முகத்தில் கரி பூசி, பெரிய பொட்டு வைத்து, முக்காடு போட்டுவிட்டாள். ஒரு மஞ்சள் கயிற்றைத் தம்பி கையில் திணித்தாள்.

"கட்டுடா. கேட்டா பொண்டாட்டின்னு சொல்லு."

ஒளிந்திருக்கும் சீனர்களைத் தேடிச் சிப்பாய்கள் லயத்துக்கே வந்தார்கள். ஒருவன் அம்மாவின் முக்காட்டை விலக்கி உற்றுப் பார்த்தான். என் மனைவி என்று அப்பா மலாய் மொழியில் சொன்னார். விழுந்தது அறை, ஒரு பல் போனது. துப்பாக்கி அம்மா பக்கம் திரும்பியது. தோட்டத்துச் சனங்களோடு கடையில் மல்லுக்கட்டி வளர்ந்த வாய் அல்லவா? அம்மா அப்பாவின் மேல் பாய்ந்தாள்.

"நல்லா வாங்குடா! அஞ்சு வெள்ளி வாங்கி எத்தன மாசமாச்சு? சைக்கிளும் போச்சு, காசும் போச்சு! உனக்கெல்லாம் மீசை ஒரு கேடா?"

சிப்பாய்க்குத் தமிழ் தெரியாது. ஆனால் புருஷனைத் திட்டும் குரல் அவன் ஊரிலும் இருந்திருக்கும். சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

அதன் பிறகு அம்மா பேச்சியம்மாளோடு உள்ளே படுத்தாள், அப்பா வெளியே. அந்தக் கயிறு ஜப்பான்காரனுக்காகக் கட்டியது என்பார் அப்பா. இருவருக்கும் ஆசை இருந்தது, வாய்தான் வரவில்லை. ஒருமுறை கடனுக்கென்று வாழைமரம் அச்சடித்த ஜப்பான் நோட்டை நீட்டினார்.

"இதுல பீடி சுத்து. எனக்கு நல்ல காசு வேணும்" என்றாள் அம்மா.

ஜப்பான் சண்டை முடிந்தது. மெர்சிங்கிலிருந்து அம்மாவின் தாய்மாமன் வந்தார். அவரும் கடை வைத்துத் தமிழ் பேசிப் பழகியவர்.

"லான், உங்கம்மா உயிரோட இருக்கா. எங்க வீட்லதான். வா, போலாம். இனிமே எதுக்கு அந்தக் கயிறு? கழட்டு லா."

பயந்த நேரத்தில் கட்டிய கயிற்றைக் காட்டி ஒருத்தியை நிறுத்தி வைக்க அப்பாவுக்கு மனம் இல்லை. உள்ளே போனார். திரும்பி வந்த வெள்ளைக்காரன் கொடுத்த புதுச் சம்பளத்தில் ஐந்து வெள்ளியை எடுத்துவந்து கொடுத்தார்.

"இந்தா லான். கடன் தீந்துச்சு. இனி உன் இஷ்டம்."

"இதுக்குத்தான் இத்தன நாள் காத்துக் கெடந்தேனா? மக்கு!" என்றாள் அம்மா. பிறகு மாமன் பக்கம் திரும்பினாள். "கைய நீட்டுங்க. அம்மாவ இங்க கூட்டிட்டு வர வழிச்செலவு. அவங்க இல்லாம இன்னொரு தடவ தாலி கட்டிக்க மாட்டேன்."

ஒண்ணு, ரெண்டு என்று தமிழிலேயே எண்ணி, ஐந்து வெள்ளியையும் மாமனின் விரித்த கையில் வைத்தாள்.