பார்க்காத சுவருக்கு இட்ட கையெழுத்து

ரெய்னோ லஹ்தி தண்டர் பே நகரில் ஒரு சிறிய கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் முப்பத்தோர் ஆண்டுகளாகத் தொழில்நுட்பராகப் பணியாற்றி வந்தார். கட்டடம் எப்படித் தோன்ற வேண்டும் என்று முடிவு செய்பவர் கட்டடக் கலைஞர். அதை எழுப்பித் தருபவர் ஒப்பந்தக்காரர். இவ்விருவருக்கும் நடுவே, கூரையில் விழும் மழை எவ்வழியே இறங்க வேண்டும், சுவரை நோக்கிச் செல்லும் ஈரம் எங்கே தடுக்கப்பட வேண்டும் என்பதையெல்லாம் கோடு கோடாக வரைந்து கொடுப்பது ரெய்னோவின் பொறுப்பு. சுவரை மூடுவதற்கு முன் பணியிடத்திற்குச் சென்று, வரைந்தபடியே கட்டியிருக்கிறார்களா என்று சோதித்து, அறிக்கையில் 'நேரில் கண்டது' என்னும் கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்திடுவதும் அவருடைய பொறுப்பே. அக்கையெழுத்து விழாமல் தச்சர்கள் ஒரு பலகையைக்கூட அடிக்கமாட்டார்கள்.

"ரெய்னோ பார்த்தாச்சா?" என்பது அவ்வூர்ப் பணியிடங்களில் நாள்தோறும் கேட்கும் கேள்வி. அக்கேள்வியைக் காதால் கேட்கும்போதெல்லாம் அவருக்கு உள்ளூரப் பெருமையாக இருக்கும்.

ஏப்ரல் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, அலுவலகத்தின் தலைவியும் கட்டடக் கலைஞருமான கொலீன் அவரைத் தம் அறைக்கு அழைத்தார்.

"ஏரிக்கரை முதியோர் இல்லத்துல கட்டின நீராவிக் குளியலறை, அந்தச் சவுனா, ஞாபகம் இருக்கா ரெய்னோ? வடக்குச் சுவர் உள்ளுக்குள்ளயே உளுத்துப் போச்சாம். பலகையில கைய வச்சா விரல் உள்ள போகுதுங்கிறாங்க."

"கட்டி ரெண்டு வருஷந்தானே ஆச்சு?"

"அதுதான். நல்லவேளை, உங்க அறிக்கை பக்காவா இருக்கு. நாலு சுவரிலயும் ஈரம் புகாம அலுமினியத் தாள் ஒட்டி, இணைப்பெல்லாம் நாடா போட்டு மூடினத நேர்ல பார்த்ததா எழுதியிருக்கீங்க. அப்போ சுவர் மேல தப்பில்ல. பராமரிப்புக்காரம்மா காத்துத் துவாரத்த மூடியே வச்சிருக்கணும். வியாழக்கிழமை இல்லத்து நிர்வாகக் கூட்டத்துல அவங்கள வேலைய விட்டு அனுப்பப் போறாங்க போல."

ரெய்னோ தலையசைத்துவிட்டுத் தம் இருக்கைக்குத் திரும்பினார். பழைய கோப்பைத் திறந்து, அறிக்கையில் கையெழுத்திட்ட நாளைப் பார்த்தார்.

அது அக்டோபர் மாதத்து வெள்ளிக்கிழமை. மறுநாள் விடிந்தால் மூஸ் மான் வேட்டை தொடங்கும். ஊரில் பாதிப்பேர் நண்பகலிலேயே துப்பாக்கியும் உணவுப் பெட்டியுமாகக் காட்டுக் குடில்களுக்குப் புறப்பட்டுவிட்டார்கள். ரெய்னோவும் வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தபோதுதான் சவுனா கட்டிக்கொண்டிருந்த பணியிடத்தின் மேலாளர் டுவேன் தொலைபேசியில் அழைத்தார்.

"ரெய்னோ, தச்சனுங்க பலகையும் கையுமா நிக்கிறானுங்க. அவனுங்களுக்கும் மான் காத்துக்கிட்டு இருக்கு. நீங்க வர ஒரு மணி நேரம் ஆகும். படம் எடுத்து அனுப்பிடறேன், போதுமில்ல?"

"தாள் எல்லாம் சரியா ஒட்டியிருக்கா?"

"கண்ணாடி மாதிரி இருக்கு. முகம் பார்த்துச் சவரம் பண்ணலாம்!"

படம் வந்தது. கைப்பேசியின் சிறிய திரையில் வெள்ளியாய் மின்னியது. ரெய்னோ வண்டியின் முன்மூடிமேல் அறிக்கையை வைத்து, நான்கு சுவர்களுக்கும் 'நேரில் கண்டது' என்று குறியிட்டுக் கையெழுத்திட்டார். அவ்வாண்டு அவருக்கு மானும் அகப்படவில்லை.

இப்போது அதே படத்தைப் பெரிய திரையில் பார்த்தார். கிழக்குச் சுவர், தெற்குச் சுவர், மேற்குச் சுவரின் பாதி. அவ்வளவுதான். டுவேன் வடக்குச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று படம் எடுத்திருந்தார். நான்கு சுவர்களுள் வெளிக்குளிரை நேராகத் தாங்குவது வடக்குச் சுவர் ஒன்றே. நாடா இடாத இணைப்பின் வழியே நீராவி உட்புகுந்து, குளிர்காலம் முழுவதும் உறைந்து, வேனிலில் உருகி மரத்தைத் தின்றிருக்கும் என்பதை அவருக்கு வேறொருவர் சொல்ல வேண்டியதில்லை. அது நிகழாமல் தடுப்பதற்கென்றே அச்சுவரின் வரைபடத்தை வரைந்தவர் அவர்.

அன்று பிற்பகலே இல்லத்திற்குச் சென்றார். சவுனாவின் கதவில் பூட்டுத் தொங்கியது. தொண்ணூறை நெருங்கிய வைனோ என்பவர் சக்கர நாற்காலியில் அமர்ந்து அப்பூட்டை முறைத்துக்கொண்டிருந்தார்.

"மூணு சனிக்கிழமை போச்சு! நான் செத்தப்புறம் திறந்து, என் பெட்டிக்கா ஆவி பிடிக்கப் போறீங்க?"

"வாய மூடுங்க வைனோ. பெட்டிக்கு இன்னும் நாள் இருக்கு" என்றபடியே வந்தாள், பராமரிப்புப் பணியாளர் மார்த்தா சலோ. ரெய்னோவைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. "நல்லவேளை நீங்க வந்தீங்க. காப்பி குடிங்க. ஏலக்காய் ரொட்டி இருக்கு."

அவர் வேண்டாம் என்று சொல்வதற்குள் கோப்பை மேசைக்கு வந்துவிட்டது.

"சுவரப் பார்த்தவர் நீங்கன்னு சொன்னாங்க. நீங்க பார்த்திருந்தா அது சரியாத்தான் இருந்திருக்கும்" என்றாள் மார்த்தா. "நானும் ஒவ்வொரு சனிக்கிழமையும், கடைசி ஆள் குளிச்சு முடிச்சதும் துவாரத்தத் திறந்து விட்டுட்டு, அடுப்புச் சூட்டுல பலகையக் காய வச்சுட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். எங்க அம்மா வீட்டுச் சவுனாவுல அம்பது வருஷமாப் பண்ணின வேலை அது. ஆனா இப்ப யோசிச்சா சந்தேகமா இருக்கு. ஒருவேளை நான்தான் மறந்துட்டேனோ? வயசாகுதில்ல. நீங்க என்ன நினைக்கிறீங்க?"

ரெய்னோ ரொட்டியை எடுத்து ஒரு கடி கடித்தார்.

"ரொட்டி நல்லா இருக்கு, மார்த்தா."

அவர் வண்டியில் ஏறி அமர்ந்தார். சுவர் உளுத்ததைக் காட்டிலும், செய்யாத பிழையைச் செய்துவிட்டோமோ என்று ஒருத்தி தன்னையே துருவிக்கொண்டிருப்பது அவரைச் சுட்டது. அவளை அந்நிலைக்குத் தள்ளியது, அவருடைய கையெழுத்தின்மீது அவள் வைத்திருந்த நம்பிக்கையே.

அவர்களுடைய தொழிலில் வெளியிட்ட வரைபடத்தையோ அறிக்கையையோ ஒருவரும் அழிப்பதில்லை. பிழையிருந்தால், அவ்விடத்தைச் சுற்றி மேகம்போல் வளைகோடு வரைந்து, பக்கத்தில் ஒரு முக்கோணத்திற்குள் திருத்த எண்ணை இடுவார்கள். பழையதும் தெரியும், மாறியதும் தெரியும். பிறர் வரைபடங்களில் ஆயிரக்கணக்கான மேகங்களை வரைந்த ரெய்னோ, புதன்கிழமை காலையில் தம் கையெழுத்தைச் சுற்றி ஒரு மேகம் வரைந்தார். முக்கோணத்தில் ஒன்று என்று எழுதினார். கீழே, 'வடக்குச் சுவர் நேரில் காணப்படவில்லை. பிற சுவர்களும் புகைப்படத்தில் மட்டுமே காணப்பட்டன' என்று எழுதிக் கொலீனிடம் நீட்டினார்.

கொலீன் இருமுறை படித்தார்.

"இது வெளிய போனா நம்ம அலுவலகத்து மேல வரும்னு தெரியுமில்ல?"

"தெரியும்."

"முப்பத்தோரு வருஷத்துல இது மாதிரி வேற எத்தனை?"

"இது ஒண்ணுதான்."

"அத நான் எப்படி நம்புறது, ரெய்னோ?"

கொலீன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, "நாளைக்குக் கூட்டத்துல நீங்களே படிங்க. இனிமே நீங்க பார்க்கிறத நானும் வந்து பார்ப்பேன், கையெழுத்து என்னோடது" என்றார்.

வியாழக்கிழமை ரெய்னோ கூட்டத்தில் எழுந்து நின்று அதைப் படித்தார். இல்லத்து நிர்வாகக் குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். மார்த்தாவை விலக்கும் பேச்சு அத்துடன் நின்றது. கூட்டம் கலைந்ததும் அவள் நேரே அவரிடம் வந்தாள்.

"செவ்வாக்கிழமை எனக்கு எதிர்ல உக்காந்து ரொட்டி சாப்பிட்டீங்களே, அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"மூணு வாரம் நான் என்னையே நம்பாம இருந்தேன். வீட்டு அடுப்ப அணைச்சேனான்னு பாதி வழியில திரும்பிப் போய்ப் பார்த்தேன். சுவர மாத்திக் கட்டிடுவீங்க. நான் பட்டத என்ன பண்ணுவீங்க?"

"மன்னிச்சிருங்க, மார்த்தா."

"இன்னைக்கு முடியாது" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

மே மாத இறுதியில் வடக்குச் சுவரைப் பிரித்துக் கட்டினார்கள். புதிய தாள் ஒட்டிய அன்று, கொலீன் வந்து சேரும் முன்னரே ரெய்னோ வந்து, முழங்காலிட்டு ஒவ்வோர் இணைப்பையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டு போனார். மார்த்தா கதவருகில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அன்று காப்பி இல்லை.

"அந்த மூலைய விட்டுட்டீங்க" என்றாள்.

அவர் திரும்பிச் சென்று மூலையை அழுத்தினார். நாடா உறுதியாகவே இருந்தது. இருந்தாலும் மீண்டும் ஒருமுறை அழுத்தினார்.

வெளியே தேவதாருப் பலகைகளைச் சுமந்து நின்ற தச்சர் ஒருவர் பொறுமையிழந்து குரல் கொடுத்தார்: "என்னம்மா, ரெய்னோ பார்த்தாச்சா?"

"பார்க்கிறார்" என்றாள் மார்த்தா, கண்ணை எடுக்காமல். "நான் அவரப் பார்த்துக்கிட்டு இருக்கேன். நில்லுங்க."