நாலாவது பெண்

என் அண்ணன் மகள் யசோதினி பட்டாளத்தில் சேர்ந்தபோது பிலிமத்தலாவையில் எங்கள் தெருவே மூக்கில் விரல் வைத்தது. பஸ்ஸில் இடிக்கிறவனைக் குத்துவதற்கென்றே ஊக்கும் கையுமாகக் கண்டிக்குப் போய்வந்த பெண் அவள். துவக்கே பிடிக்கட்டுமே, உங்களுக்கென்ன என்று கேட்டேன்.

அவள் அம்மா பாப்பம்மா, என் மதினி, லெபனானில் வீட்டு வேலை செய்துதான் அவளைப் படிக்க வைத்தாள். வளர்த்தது நான். திரும்பி வந்த பிறகு அந்த வீட்டைப் பற்றிக் கேட்டால் "நல்ல வீடு" என்பாள், அதோடு சரி. இப்போது மகளை ஐ.நா. அமைதிப் படையில் அதே லெபனானுக்கு அனுப்பினார்கள். நீலத் தொப்பியோடு படம் வந்த அன்று நான் தெருவெல்லாம் கொண்டுபோய்க் காட்டினேன். மதினி ஒரு தடவை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அங்கே கிராமத்து வீடுகளுக்குப் போய்ப் பெண்களோடு பேசுவது யசோதினியின் வேலை. வெளியே போய்வரப் பயமாக இருக்கிறதா, என்ன குறை என்று விசாரிக்க வேண்டும். மொழிபெயர்க்க ஒருவர் கூட வருவாராம். ஒரு வீட்டில் தாய் பள்ளிக்கூட அதிபர். மூத்தவள் மருந்துக்கடை நடத்துகிறாள். இளையவள் இருட்டின பிறகும் தனியாகக் கார் ஓட்டிப் போகிறாள்.

"நம்ம ஊருல நாங்க எப்ப அத்தை இப்படிப் போறதுன்னு இருந்துச்சு," என்றாள் யசோதினி என்னிடம்.

வீட்டில் எத்தனை பெண்கள் என்று அவள் கேட்டதற்கு, மூன்று என்றார் அதிபர். அப்படியானால் கோப்பி கொண்டுவந்து வைத்தவள்?

"அதுவா? அது சிர்லங்கியே."

ஸ்ரீலங்காக்காரி என்று அர்த்தம். எந்த நாட்டிலிருந்து வந்தாலும் வேலைக்காரிக்கு அங்கே அதுதான் பெயராம். இவளோ எத்தியோப்பியாப் பெண். தோளில் நம்முடைய சிங்கக்கொடியோடு உட்கார்ந்திருந்த யசோதினி கோப்பியைக் குடிக்காமலே கீழே வைத்துவிட்டாள். அதிபருக்குத் தான் சொன்னதில் என்ன பிழை என்று விளங்கவுமில்லை. மனுசி அன்பாகத்தான் பேசினாராம்.

கிளம்பும்போது அந்தப் பெண் வாசலில் அவள் கையைப் பிடித்து, "பாஸ்போர்ட்" என்றாள். அதற்கு மொழிபெயர்ப்பு எதற்கு? பாஸ்போர்ட்டைப் பூட்டி வைத்திருக்கிறார்கள், அவளுக்கு ஊருக்குப் போக வேண்டும். யசோதினி மேலதிகாரியிடம் சொன்னாள். வீட்டுச் சமாச்சாரம், நம் வேலையில்லை என்றார். அவளும் விடாமல் கேட்டுக்கொண்டேயிருந்தாள். மறுபடி அந்த வீட்டுக்குப் போனபோது வேறொருத்தி கோப்பி கொண்டுவந்தாள். முந்தியவளை ஆள் அனுப்பிய ஏஜென்சிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். அங்கிருந்து எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

லீவில் வந்து இதைச் சொல்லி யசோதினி அழுதாள். மதினி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"நான் இருந்த வீட்டுக்கும் ஒரு தடவ நீலத் தொப்பிக்காரங்க வந்தாங்க," என்றாள்.

"சொல்லவே இல்லையேம்மா. அவங்ககிட்ட நீங்க ஒண்ணும் கேக்கலையா?"

"கேட்டேன். எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசு அது ஒண்ணுதான். கோப்பித் தட்ட நீட்டிக்கிட்டே 'ஹெல்ப்'னு சொன்னேன். நான் ஒத்தாச செய்யவான்னு கேக்குறதா நெனச்சிட்டாங்க போல. 'நோ, தேங்க் யூ'ன்னு சிரிச்சாங்க."

துருவுவதை நிறுத்தாமலே சொன்னாள்.

"அதுக்குப் பொறகு நாலு வருசம் அங்கதான் இருந்தேன்."