ஒன்பதாம் எண் குழி

2023 ஆகஸ்ட் 8 — பழைய நாளிதழ், 4 கிலோ: ரூ. 80
ஆகஸ்ட் 8 — வெந்தயம், 250 கிராம்: ரூ. 32
ஆகஸ்ட் 11 — பெவிகால், 1 கிலோ: ரூ. 290
ஆகஸ்ட் 19 — கல்தூள், 2 மூட்டை, வண்டி வாடகையோடு: ரூ. 350
நவம்பர் 4 — பலகை, 12 துண்டு: ரூ. 540
டிசம்பர் 14 — தண்ணீர், 410 மில்லி: செலவில்லை
2024 ஜனவரி 3 — குன்னூருக்குப் பார்சல்: ரூ. 620
பிப்ரவரி 12 — பதிவுத் தபால்: ரூ. 26

என் பதிவேட்டிலிருந்து எடுத்த இந்தப் பட்டியலில் உள்ள கல்தூளைக் கொண்டு வந்தவர் முத்துச்சாமி. அவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். திண்டுக்கல் நாகல்நகரில் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். என் வயதுதான். அவரைப் பற்றி நியாயமாக எழுதுவது எனக்குச் சிரமம். ஏழு மாதம் அவர்மேல் பொறாமையில் வெந்தவன் நான், இன்னும் முழுதாக ஆறவில்லை. அதனால் தேதிகளைப் பிடித்துக்கொண்டு போகிறேன்.

முதலில் என் சங்கதி கொஞ்சம். பெயர் ஆண்டி. ஆத்தூர் நீர்த்தேக்கத்தில் முப்பத்தோரு வருடம் நீர்மட்டம் குறித்தேன். காலை எட்டு மணிக்கு அடி, அங்குலம். மகள் கல்யாணத்தன்றும் குறித்துவிட்டுத்தான் மண்டபத்துக்குப் போனேன். ஒரு நாள்கூட விடுபடவில்லை, ஒரு எண்கூடத் திருத்தப்படவில்லை. ஓய்வுபெறுமுன் அணையையும் சுற்றியுள்ள மலைகளையும் காகிதக் கூழில் மாதிரியாகச் செய்தேன். அது என் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

அதைப் பார்த்துவிட்டுத்தான் எனக்குப் பல் கட்டிய டாக்டர் அனிஷா என்னிடம் வேலை சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் கிளினிக் மாடியில் மூன்று நண்பர்களோடு போர் விளையாட்டு ஆடுகிறவர் அவர். ஆறடிக்கு நாலடி மேசைதான் போர்க்களம். கட்டைவிரல் உயரப் பொம்மை வீரர்களை டேப்பால் அளந்து நகர்த்துவார்கள், பகடையை உருட்டிச் சுடுவார்கள். குண்டு விழுந்த குழிக்குள் வீரன் பதுங்கியிருந்தால் அவன்மேல் சுலபமாகச் சூடு படாது. அதனால் மேசைக்குக் குழிகள் வேண்டும்.

“வெளிநாட்டுல இருந்து வாங்கலாம் சார். ஆனா எல்லாம் ஒரே அச்சுல ஊத்துன மாதிரி இருக்கு. நீங்க கையால செஞ்சு தாங்க” என்றார்.

செய்தேன். நாளிதழை ஊறவைத்து, அரைத்த வெந்தயத்தையும் பெவிகாலையும் சேர்த்துப் பிசைந்தால் கூழ் சிமெண்டு போல இறுகும், பூச்சியும் அண்டாது. கவராயத்தால் வட்டம் போட்டேன். வெளி விட்டம் 18 சென்டிமீட்டர், உள் விட்டம் 11, விளிம்பின் உயரம் இரண்டரை. ஒரு குழிக்கு மூன்று மணி நாற்பது நிமிடம். எட்டுக் குழிகள் மொட்டைமாடியில் காய்ந்துகொண்டிருந்த ஆகஸ்ட் 19, சனிக்கிழமை, மேலே தூவுவதற்கான கல்தூளோடு முத்துச்சாமி தன் குட்டியானை லோடு வண்டியில் வந்தார். மூட்டையை மாடிக்குத் தூக்கி வந்து இறக்கிவிட்டு, இடுப்பில் கைவைத்துப் பார்த்தார்.

“என்னய்யா ஆண்டி, பணியாரம் சுடப் போறியா?”

“போர்க்களம். குண்டு விழுந்த குழி.”

“எட்டும் ஒண்ணு போல இருக்கு. குண்டு போட்டவன் கவராயம் வச்சுக்கிட்டா போட்டான்?”

என் மனைவி அழகம்மாள் சிரித்துவிட்டாள். நாற்பத்தெட்டு வருடத்தில் நான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

முத்துச்சாமியின் ஊர் ரெட்டியார்சத்திரம் பக்கம். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் கத்தரித் தோட்டம், ஐந்து பிள்ளைகள். பதினேழு வயதில் கிணறு வெட்டும் கூட்டத்தில் சேர்ந்தார். எங்கள் பக்கத்து நிலத்தில் இருபதடிக்குக் கீழே பாறை. அதில் துளை போட்டு, வெடிமருந்து திணித்து, திரி வைத்து, மேலே இருப்பவர்களை மூன்று தரம் கத்தி விரட்டிவிட்டுக் கொளுத்த வேண்டும். கொளுத்துகிறவர்தான் கடைசியாக ஏறி வருவார். அது முத்துச்சாமியின் வேலை. நாற்பத்தொரு வருடம் செய்தார். நிலக்கோட்டையில் ஒரு மல்லிகைத் தோட்டத்துக் கிணற்றில் திரி முந்திக்கொண்டதால் இடது காது போனது. எந்த வருடம் என்று கேட்டேன். “மழை இல்லாத வருசம்” என்றார். மொத்தம் எத்தனை கிணறு என்று கேட்டேன். “எண்ணிக்கிட்டா இறங்குவாங்க?” என்றார். முட்டி ஒத்துழைக்காமல் போனதும் வண்டி வாங்கினார்.

அன்று என் பாத்திரத்தில் மிச்சமிருந்த கூழை எடுத்து, ஒரு பலகைத் துண்டில் வைத்து, கைமுட்டியால் அழுத்தித் திருகினார்.

“வெடிச்சா கல்லு நேரா மேல போவாதுய்யா. எந்தப் பக்கம் பலமில்லையோ அந்தப் பக்கம் சாயும். அங்கன உதடு தாழ்ந்து போகும். எதுத்த பக்கம் பொளந்து நிக்கும். பெரிய கல்லு கிட்டக்க விழும், பொடிதான் தூரம் போகும்.”

சொல்லிக்கொண்டே பிய்த்தார், கிள்ளினார், கல்தூளை அள்ளி வீசினார். பதினான்கு நிமிடம். அதைப் பார்த்ததும் நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். புகை வரும்போலிருந்தது.

ஆகஸ்ட் 27 அன்று ஒன்பதையும் அனிஷாவிடம் கொண்டு போனேன். முத்துச்சாமியுடையதைக் கூடையின் அடியில் வைத்திருந்தேன். அனிஷா எல்லாவற்றையும் மேசையில் பரப்பிவிட்டு அதைத்தான் கையில் எடுத்தார்.

“இது யார் செஞ்சது சார்?”

“ஒரு லோடு வண்டிக்காரர்” என்றேன். பெயரைச் சொல்ல வாய் வரவில்லை.

அனிஷா படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினார். அக்டோபர் 20-ஆம் தேதி குன்னூரிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் கமலக்கண்ணன், ராணுவத்தின் பொறியாளர் பிரிவில் இருந்து ஓய்வுபெற்றவர். ஆண்டுக்கொரு முறை தன் வீட்டில் பெரிய மேசை போட்டு இந்த ஆட்டத்தை நடத்துகிறார். ‘போனில் பேசினால் சத்தம் போடுவேன், அதனால் எழுதுகிறேன்’ என்று தொடங்கியிருந்தார். பன்னிரண்டு குழிகள் கேட்டிருந்தார். ஒவ்வொன்றுக்கும் எண் இட்டு, யார் செய்தது என்று பட்டியல் அனுப்ப வேண்டும். சிறந்த குழி மேசையின் நடுவில் வைக்கப்படும். செய்தவர் பெயர் மேசைக்கு முன்னால் பலகையில் இருக்கும். ஆட்டத்தன்று அவர் பக்கத்து நாற்காலியும் செய்தவருக்குத்தான்.

முப்பத்தோரு வருடம் நான் எழுதிய எண்களுக்கு அடியில் இருந்தது என் சுருக்கொப்பம் மட்டும். என் பெயரை யாரும் எந்தப் பலகையிலும் எழுதியதில்லை. அந்தப் பலகை எனக்கு வேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

ஒற்றைப்படை எண்கள் முத்துச்சாமிக்கு, இரட்டைப்படை எனக்கு என்று பிரித்துக்கொண்டோம். லோடு இல்லாத நாட்களில் என் மாடிக்கு வருவார். அழகம்மாள் அவர் டீக்கு மட்டும் இஞ்சி தட்டிப் போடுவாள். நான் முதல் பூச்சு அடித்து முடிப்பதற்குள் அவர் ஒரு குழியைச் செய்து முடித்துவிட்டு, வெயிலில் கால் நீட்டி உட்கார்ந்து என் கவராயத்தைப் பற்றிக் கேலி பேசுவார். டிசம்பர் முதல் வாரத்தில் பன்னிரண்டும் காய்ந்துவிட்டன. அவர் செய்த ஒன்பதாம் எண் குழி எல்லாவற்றையும்விட நன்றாக இருந்தது. எனக்கே தெரிந்தது. அதனால் தூக்கம் போனது.

எண்ணால் சொல்ல முடியாத எதையும் நான் நம்பியதில்லை. நன்றாக இருக்கிறது என்றால் எவ்வளவு? டிசம்பர் 14, வியாழக்கிழமை, முத்துச்சாமி நிலக்கோட்டைப் பக்கம் தேங்காய் லோடு ஏற்றப் போயிருந்தார். நான் அளவுக் குவளையோடு மாடிக்கு ஏறினேன். குழி என்றால் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்று பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வழி. என் குழிகளை முன்பே அளந்திருந்தேன், எல்லாம் 180 மில்லி. ஒன்பதாம் எண்ணில் விளிம்பு தொடும்வரை ஊற்றினேன். 410. நோட்டில் குறித்தேன். அழகம்மாள் சாப்பிடக் கூப்பிட்டாள், இறங்கிப் போனேன்.

என் குழிகளுக்கு உள்ளும் புறமும் பிரைமர் அடித்திருந்தது. அவர் எல்லாம் முடிந்தபிறகுதான் வர்ணம் பூசுவார். ஒன்பதாம் எண் வெறும் காகிதக் கூழ். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது அது ரசத்தில் ஊறிய வடை மாதிரி சரிந்து கிடந்தது.

குப்பைச் சாக்கில் போட்டேன். மூன்று மத்தியானம் உட்கார்ந்து வேறொன்று செய்தேன். கவராயத்தை எடுக்கவில்லை, எடுத்துப் பயனில்லை, அவர் குழிக்கு விட்டமே கிடையாது. சரிந்துபோன குழியின் ஞாபகத்தை வைத்து, எந்தப் பக்கம் பலமில்லை என்று யோசித்து யோசித்து விரலால் கிள்ளினேன். வர்ணமும் நானே அடித்தேன். 20-ஆம் தேதி முத்துச்சாமி வந்து அதைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வர்ணம் அடிச்சிட்டியா?”

“செத்த நேரம் இருந்துச்சு, அடிச்சேன்.”

“ம்” என்று சொல்லி வைத்துவிட்டார். பட்டியலில் ‘9 — முத்துச்சாமி’ என்று எழுதினேன். என் வாழ்நாளில் நான் எழுதிய முதல் பொய்க் குறிப்பு அது.

ஜனவரி 19 அன்று கமலக்கண்ணனின் கடிதம் வந்தது. நடுவில் வைப்பது ஒன்பதாம் எண். ‘குண்டு எந்தத் திசையிலிருந்து வந்தது என்றுகூட இதைப் பார்த்துச் சொல்லிவிடலாம். பிப்ரவரி 4, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். முத்துச்சாமியை அனுப்பிவையுங்கள்.’

அதை எத்தனை முறை படித்தேன் என்று குறிக்கவில்லை. என் கை செய்ததுதான் ஜெயித்திருந்தது, ஆனால் பெயர் அவருடையது. என்னுடையது என்று சொன்னால் தண்ணீர் ஊற்றியதையும் சொல்ல வேண்டும். சொந்த வேலையைப் பார்த்தே பொறாமைப்படும் நிலைமை என்னைத் தவிர யாருக்காவது வந்திருக்குமா என்று தெரியவில்லை. ஒன்பது நாள் கடிதத்தை மடித்து வைத்திருந்தேன். ஜனவரி 28 அன்று முத்துச்சாமியின் வீட்டுக்குப் போய் அவருடைய வலது பக்கமாக உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன்.

“ஒம்பதா? அது ஓங் கையாச்சே” என்றார்.

கடிதத்தைத் திரும்ப மடித்தேன்.

“சாக்குல ஊறிப் போன கூழ அன்னைக்கே பாத்தேன்யா. எதுக்குத் தண்ணி ஊத்துன?”

“எம்புட்டுப் பிடிக்கும்னு பாத்தேன்.”

இருமல் வரும்வரை சிரித்தார். “எம்புட்டுப் பிடிச்சுச்சு?”

“நானூத்திப் பத்து.”

“ஒன்னோடது?”

“நூத்தி எம்பது.”

“அப்ப நாந்தான ஜெயிச்சேன்?” என்று தொடையைத் தட்டினார். பிறகு, “அவருக்கு எழுதிப் போட்டுட்டு நீ போயிட்டு வா. அடுத்தவன் செஞ்சதுக்கு எனக்கு மாலை வேணாம்” என்றார்.

அவருக்குக் கோபமே வரவில்லை. அதுவும் என்னிடம் இல்லாத ஒன்று. அவர் திட்டியிருந்தால் அன்றே எழுதியிருப்பேன்.

எழுதவில்லை. நாளை என்று ஒவ்வொரு நாளும் தள்ளினேன். பிப்ரவரி 4-ஆம் தேதி முத்துச்சாமி வெங்காய லோடு ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போனார். நான் வீட்டில் இருந்தேன். அனிஷா மட்டும் குன்னூர் போய்த் திரும்பி வந்து படம் காட்டினார். மேசையின் நடுவில் ஒன்பதாம் எண். அதன் உதட்டோரம் ஒரு சிறிய வீரன் துப்பாக்கியோடு குப்புறப் படுத்திருந்தான். முன்னால் பலகை: ‘முத்துச்சாமி, திண்டுக்கல்’. கமலக்கண்ணன் பக்கத்தில் ஒரு காலி நாற்காலி.

“ஏன் சார் அவர் வரல? ரொம்ப நேரம் எதிர்பார்த்தாங்க” என்றார் அனிஷா.

அந்த நாற்காலி இரண்டு பேரில் ஒருவருக்காவது ஆகியிருக்கலாம். பிப்ரவரி 12 அன்று நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதி, 410 மில்லி உட்பட, பதிவுத் தபாலில் அனுப்பினேன். உண்மையைச் சொல்லிவிட்டதால் பலகை மாறும் என்று ஒரு மூலையில் ஆசையும் இருந்தது.

பதில் ஒரே பக்கம். பலகையை மாற்றப் போவதில்லை என்று எழுதியிருந்தார். ‘அவருடையதைப் பார்த்துச் செய்தேன் என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் அது அவர் குழிதான், கை மட்டும் உங்களுடையது. நீங்கள் நன்றாகவே செய்திருக்கிறீர்கள். ஆனால் ஒரு மாதத்துக்கு மேல் ஒரு தவறான பட்டியலை என்னிடம் விட்டு வைத்தீர்கள். இனி உங்கள் எண்களை நம்பி என்னால் மேசை போட முடியாது. அடுத்த ஆண்டுக்கான பன்னிரண்டு குழிகளையும் முத்துச்சாமியிடமே கேட்டு எழுதுகிறேன். அவர் முகவரியை அனிஷா தந்தார்.’

இரண்டாம் முறை படிக்கத் தேவைப்படவில்லை. என் பட்டியலில் 9-க்கு நேரே இருந்த பெயரை அடிக்காமல், பக்கத்தில் சிவப்பு மையில் உண்மையை எழுதி ஒப்பமிட்டேன்.

இப்போது குன்னூர்க் கடிதங்கள் என் வீட்டைத் தாண்டி இரண்டு தெரு தள்ளிப் போகின்றன. முத்துச்சாமியின் மருமகள் பாண்டிச்செல்வி அவருடைய வலது காதருகே உட்கார்ந்து வாசிக்கிறாள். கூழுக்கு வெந்தயம் எத்தனை கிராம் என்று போன வாரம் என்னிடம் கேட்டு ஆள் அனுப்பினார். சரியான அளவை எழுதிக் கொடுத்தேன். கொடுக்கும்போது வயிறு எரிந்தது, அதையும் இங்கே குறிக்கிறேன். கமலக்கண்ணனிடமிருந்து எனக்கு வந்த கடைசிக் கடிதம் பதிவேட்டின் பின் அட்டையில் ஒட்டியிருக்கிறது. வந்து சேர்ந்த நாள்: 2024 மார்ச் 11, திங்கட்கிழமை.