என் பெயரில் போன திருத்தங்கள்

நாகல் நகரில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். பள்ளிக்கூடங்களுக்கு மார்க் பட்டியல் அச்சடிக்கும் சாப்ட்வேர் எழுதி விற்றோம். முதலாளியையும் சேர்த்து ஐந்து பேர். இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் நானும் என் சிநேகிதியும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். கல்லூரியிலும் ஒரே பெஞ்ச். அவள் வீடு பக்கத்து ஊரான அகரத்தில். பூந்தோட்டம் வைத்திருந்த குடும்பம். காலை பஸ்ஸில் வந்து இறங்கும்போதே எனக்கும் ஒரு முழம் பூ கொண்டுவருவாள். நான் அவளுக்கும் சேர்த்து மதியச் சோற்றுக்கு வெஞ்சனம் கட்டிக்கொண்டு போவேன்.

எங்கள் இருவருக்கும் ஒரே கம்ப்யூட்டர். எல்லோரும் ஒரே புரோகிராமில் கை வைப்பதால், யார் எந்த வரியை எப்போது மாற்றினார்கள் என்று பதிந்துவைக்கும் வெர்ஷன் கன்ட்ரோல் கருவி ஒன்றை முதலாளி போட்டிருந்தார். கறுப்புத் திரையில் நீளநீளமான கட்டளைகள் அடிக்க வேண்டும். ஒரு கம்ப்யூட்டரில் இரண்டு பேர் என்பதால் ஒவ்வொரு முறையும் பெயர், பாஸ்வேர்டு வேறு. ஓர் எழுத்து பிசகினால் மறுபடி முதலிலிருந்து.

"நீதான் இதெல்லாம் நோண்டுவியே, சுருக்கா ஏதாச்சும் பண்ணேன்டி" என்றாள்.

இரண்டு நாள் உட்கார்ந்து சுருக்கக் கட்டளைகள் எழுதினேன். இங்கிலீஷ் எழுத்தில் 'வா' என்று அடித்தால், மற்றவர்கள் செய்த திருத்தங்கள் எங்கள் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும். 'போ' என்றால் என் திருத்தம் என் பெயரில் போய்ச் சேரும். அவளுக்கு 'போ2'. 'யாரு' என்று அடித்தால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதை எழுதியவர் பெயர் வரும். பாஸ்வேர்டுகளையும் உள்ளேயே எழுதிவைத்தேன். முதல்முறை வேலை செய்ததும் அவள் என் தோளைப் பிடித்து உலுக்கிச் சிரித்தாள். ஒரு வாரத்தில் ஆபீஸ் முழுக்க "போ போட்டியா?", "வா போடு" என்றுதான் பேச்சு. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஒன்றரை வருடம் கழிந்திருக்கும். அரையாண்டுப் பரீட்சை முடிந்த சமயம், ஒரு பள்ளியிலிருந்து தலைமையாசிரியையான சிஸ்டர் நேரிலேயே வந்துவிட்டார். எட்டாம் வகுப்புப் பட்டியலில் ஒவ்வொரு பிள்ளையின் மார்க்கும் அடுத்த பிள்ளையின் பெயருக்கு நேராக இறங்கியிருந்தது. நன்றாகப் படிக்கிற ஒரு பெண்ணை அவள் அப்பா அடித்துவிட்டாராம். முதலாளி எங்கள் கம்ப்யூட்டருக்கு வந்து 'யாரு'வை அவரே அடித்தார். பிழையான வரிகளுக்குப் பக்கத்தில் என் பெயர்.

"என்னம்மா இது?"

எனக்கு அந்த வரிகள் ஞாபகமே இல்லை. ஆனால் பெயர் இருக்கிறதே. "பாக்காம விட்டிருப்பேன் சார்" என்றேன். சிஸ்டரிடமும் மன்னிப்புக் கேட்டேன். அவள் பக்கத்து நாற்காலியில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். எனக்காக வருத்தப்படுகிறாள் என்று நினைத்தேன். பிறகு அவளே அரைமணி நேரத்தில் பிழையைச் சரிசெய்து கொடுத்தாள்.

"எங்க தப்புன்னு பட்டுனு பிடிச்சிருச்சு பாரு அந்தப் புள்ள. பாத்துக் கத்துக்க" என்றார் முதலாளி.

மறுநாள் அவள் வரும் முன்பே போய், அந்த வரிகள் எந்தத் தேதியில் மாறின என்று பார்த்தேன். அன்று நான் லீவு. அண்ணன் மகளுக்கு ஞானஸ்நானம். காலையிலிருந்து கோயிலிலும் வீட்டிலும்தான் இருந்தேன்.

அவசரத்தில் '2' போட மறந்திருப்பாள் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைக்க ஆசைப்பட்டேன். பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். நான் எழுதாத திருத்தங்கள் என் பெயரில் பதினேழு இருந்தன. எல்லாம் சிக்கலான இடங்கள், பிசகினால் மாட்டிக்கொள்ளக்கூடியவை. சுலபமானவையும் பாராட்டு வாங்கியவையும் அவள் பெயரில் ஒழுங்காகப் போயிருந்தன. அவற்றில் ஒன்றில்கூட '2' விட்டுப்போகவில்லை.

மதியம் டிபன் பாக்ஸைத் திறக்காமலே கேட்டேன். அவள் மறுக்கவில்லை.

"நீ தப்புப் பண்ணா சாரு ஒரு சத்தம் போட்டுட்டு விட்ருவாரு. உங்கப்பாகிட்டப் படிச்சவரு. எனக்குன்னா அன்னைக்கே சீட்டக் கிழிச்சிருவாரு. இந்த வேலையச் சொல்லித்தான்டி வீட்ல கல்யாணத்தத் தள்ளிப் போட்டுக்கிட்டு வாரேன்."

"அதுக்கு என் பேரா? ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா குடுத்திருப்பியா?"

டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். அப்பாவைப் பற்றி அவள் சொன்னது உண்மைதான். அதனால் என் ஆத்திரம் குறையவில்லை. சிஸ்டர் முன்னால் நான் கைகட்டி நின்றபோது ஓரடி தள்ளி உட்கார்ந்திருந்தாளே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்தத் திருத்தம் போன அன்று நான் ஆபீசுக்கே வரவில்லை என்று முதலாளியிடம் லீவு நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். தேதியைப் பார்த்துவிட்டு நோட்டை மூடினார்.

"பாஸ்வேர்ட உள்ள எழுதி வச்சது யாரும்மா?"

"நான்தான் சார்."

"அப்புறம் நான் யாரப் போயிக் கேக்க? ரெண்டு பேரும் ஒண்ணா சாப்புடுறவுக. உங்களுக்குள்ள பேசி முடிச்சுக்கங்க."

அன்றே பாஸ்வேர்டை மாற்றினேன். 'போ'வை அழித்தேன், 'போ2'வையும். மறுபடி நீளக் கட்டளைகளையே அடித்தோம். அதே கம்ப்யூட்டர் முன்னால் இன்னும் நான்கு மாதம் இருந்தோம். "எந்திரிக்கிறியா?", "இந்தா, முடிஞ்சிருச்சு" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. பிறகு கோயம்புத்தூரில் வேலை கிடைத்து அவள் போய்விட்டாள்.

அடுத்த தை மாதம் கல்யாணப் பத்திரிகை வந்தது. நான் போகவில்லை. அம்மா மட்டும் போய்விட்டு வந்தாள்.

"அந்தப் புள்ள உன்னயத்தான் கேட்டுச்சு. மேடையில வச்சு ரெண்டு தடவ கேட்டுருச்சு. ஏன்டி போகல?"

"ஆபீஸ்ல வேலை இருந்துச்சும்மா."

அம்மா நம்பிவிட்டாள். பட்டுச்சேலையை மடித்துக்கொண்டே மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சேலையின் மறுமுனையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.