டிரம்மில் ஒட்டியிருந்த மீன் படம்

குடிதண்ணீர் பிடித்து வைக்க, தூத்துக்குடியில் பழைய சாமான் கடை ஒன்றில் நீல டிரம் வாங்கினேன். அதில் சிவப்புக் கட்டத்துக்குள் ஒரு மீன் படம் இருந்தது. மணப்பாடு என்ற மீனவ ஊர்க்காரி நான், மீன் ஏற்றிய டிரம் என்றே நினைத்தேன்.

பேருந்து நிலையத்தில், ரசாயனத் தொழிற்சாலைச் சீருடை போட்டிருந்த ஒரு பெண் அதைப் பார்த்துப் பதறினாள். “அக்கா, அது செத்த மீனு. இதுல இருந்த மருந்து தண்ணியில கலந்தா மீனெல்லாம் செத்துரும்னு அர்த்தம்!”

டிரம்மைத் தூக்கிக்கொண்டு கடைக்கே திரும்பினேன்.

“கழுவித்தானம்மா விக்கோம்,” என்றார் கடைக்காரர்.

“குடிதண்ணிக்கு ஆகாதுன்னு எழுதிப் போடுங்க அண்ணாச்சி. அதுவரைக்கும் இங்கனதான் நிப்பேன்.”

நின்றேன். டிரம் வாங்க வந்தவர்களிடமெல்லாம் படத்தைக் காட்டிச் சொன்னேன். சிலர் திரும்பிப் போனதும், அவரே பெயிண்ட் எடுத்து ஒவ்வொரு டிரம்மிலும் எழுதினார்.

இப்போதெல்லாம் புரியாத படம் எதைக் கண்டாலும் வெட்கப்படாமல் கேட்டுவிடுகிறேன்.