பாயிண்ட்ஸ்மேன் ராஜாங்கத்தின் சந்தேகம்

விழுப்புரம் ஜங்ஷனில் பாயிண்ட்ஸ்மேனாக இருக்கும் என் மாமா ராஜாங்கம், பூட்டிய பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறவர். முதல் தடவை பூட்டுக்காக, இரண்டாம் தடவை சாவிக்காக, மூன்றாம் தடவை தன் திருப்திக்காக என்று அக்கா கேலி செய்வாள். அக்கா பவுனுதான் அவருக்கு வாழ்க்கைப்பட்டவள். கல்யாணத்தன்று தாலி கட்டி முடித்ததும் முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்தாராம். இதை அவளே சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அவர் வேலை அப்படி. தண்டவாளம் பிரிகிற இடத்தில் வண்டியைத் தடம் மாற்றிவிடும் பாயிண்ட், அந்த இரும்பு நாக்கு, ஒரு விரற்கடை விலகி நின்றால் வண்டி கவிழ்ந்துவிடும். கவிழ்ந்தால் எல்லோரும் முதலில் கை நீட்டுவது பாயிண்ட்ஸ்மேன் பக்கம்தான். அதனால் ஊர் தன்னைச் சந்தேகப்படும் முன் ஊரைத் தான் சந்தேகப்பட்டுவிட வேண்டும் என்பது அவர் கட்சி. பால்காரனைச் சந்தேகப்பட்டார், தபால்காரனைச் சந்தேகப்பட்டார். நான் திண்டிவனத்தில் ஒரு ஹைஸ்கூலில் லேப் அட்டெண்டர். அதற்காக என்னையும் விட்டு வைக்கவில்லை. "ஆசிட்டு பாட்டிலோட பொழங்கறவன் கையால காப்பி குடிக்கணுமா?" என்று என் முகத்துக்கு நேராகவே கேட்டவர்.

அறுபத்தொன்றாம் வருஷம் சித்திரையில் அக்கா எங்கள் ஊர் காணைக்கு வந்து எங்கள் கொல்லையில் பத்து நாள் வெயிலில் நின்று மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கினாள். திரும்பிப் போகும்போது மூக்குத் தண்டிலும் இரண்டு கன்னத்திலும் சிவந்து தடித்திருந்தது. வெயில் என்று அம்மா சொன்னாள். மாமா நம்புவாரா? அக்கா முகத்தில் பூசுகிற ஸ்னோ டப்பாவை எடுத்துக்கொண்டு போய் தண்டவாளத்துக்கு அப்பால் புதைத்துவிட்டு வந்தார். அடுத்து விரல் கணுக்களும் முட்டியும் வலித்தன. கிணற்றுத் தண்ணீர் மேல் சந்தேகம் போயிற்று. பிறகு பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சின்னபொண்ணு கொடுத்தனுப்பும் கருவாட்டுக் குழம்பு மேல். சின்னபொண்ணு நல்லவள், ஆனால் வாய் சும்மா இருக்காது. "யாரோ மருந்து வச்சிட்டாங்க போல" என்று அவள் ஒருநாள் சொல்லி வைக்க, மருந்து வைத்தது அவளாகவே இருக்குமோ என்று மாமா இரண்டு வாரம் அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊரும் சும்மா இல்லை. அக்கா முகத்தைப் பார்த்துவிட்டு, பெருவியாதியாக, குஷ்டமாக இருக்குமோ என்று ரயில்வே காலனியில் கிசுகிசுத்தார்கள். அவள் தொட்ட குழாயை மண் போட்டுத் தேய்த்து, கழுவிவிட்டுத் தண்ணீர் பிடித்தார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆடி அமாவாசைக்கு மேல்மலையனூர் போய்விட்டு வந்தார்கள். திரும்பி வரும்போது அக்காவால் செருப்புக்குள் காலை நுழைக்க முடியவில்லை. காலில் விரல் வைத்து அழுத்தினால் பள்ளம் விழுந்தது, விழுந்த பள்ளம் நிரம்ப நேரமானது. சிறுநீர் சோப்புத் தண்ணீர் போல நுரைத்தது. விழுப்புரத்து டாக்டர் பார்த்துவிட்டு, மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொல்லி எழுதிக் கொடுத்தார். நானும் கூடப் போனேன்.

ரத்தம் எடுத்தார்கள். எடுத்த ரத்தத்தை எங்கே கொண்டு போகிறார்கள் என்று மாமா பின்னாலேயே லேப் வரைக்கும் போய், கதவில் நின்று பார்த்துவிட்டு வந்தார். நாலாம் நாள், அக்காவைக் கவனித்த டாக்டர் எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். சின்ன வயசுக்காரர், பொறுமைசாலி.

"இதுக்குப் பேரு லூப்பஸ்" என்றார்.

"லூப்பு லைனுங்களா?" என்றார் மாமா.

டாக்டருக்குப் புரியவில்லை. மாமா விளக்கினார். எதிரே மெயில் வண்டி வந்தால் கூட்ஸை ஒதுக்கி நிறுத்துகிற பக்கத்துத் தண்டவாளம் லூப் லைன். பாயிண்ட்டைத் தப்பாகப் போட்டுவிட்டால், வருகிற மெயில் நேரே போகாமல் லூப்பில் நுழைந்து நிற்கிற வண்டியை மோதும். டாக்டர் தலையை ஆட்டினார்.

"அப்படியே வச்சுக்குங்க. கிருமி வந்தா அடிக்கிறதுக்கு நம்ம உடம்புலேயே காவல் இருக்கு. அந்தக் காவலுக்கு இப்ப சொந்த உடம்பு மேலயே சந்தேகம் வந்திருச்சு. வெளியாள்னு நெனச்சுக்கிட்டு இவங்க கிட்னியைப் போட்டு அடிக்குது. அதான் கிட்னி வீங்கி, ஓட்டை விழுந்த சல்லடை மாதிரி ஆயிடுச்சு."

மாமா, "பாயிண்ட்டைத் தப்பா போட்டது யாருங்க?" என்றார்.

"தெரியாது. உலகத்துல யாருக்கும் இன்னும் தெரியாது. தேடிக்கிட்டு இருக்காங்க."

அந்த டாக்டர் சொன்னதில் மாமா நம்பியது 'தெரியாது' என்ற அந்த ஒரு வார்த்தையைத்தான்.

முதுகுப் பக்கமாக ஊசி விட்டு, கிட்னியில் ஒரு நூல் அளவு சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். எந்த அளவுக்குக் கெட்டிருக்கிறது, எவ்வளவு மாத்திரை கொடுக்கலாம் என்று வெளிநாட்டில் சில வருஷமாக இப்படிப் பார்க்கிறார்களாம். நூல் அளவு என்று சொல்லி முழுசையும் எடுத்துவிட்டால் என்ன செய்வது என்று மாமா அடம் பிடித்தார். கடைசியில் எடுத்ததைக் கண்ணில் காட்டிய பிறகுதான் கையெழுத்துப் போடுவேன் என்றார். கையெழுத்துப் போட்டால்தான் எடுப்போம் என்றார்கள் அவர்கள். அக்காதான், "எனுக்குத்தான வலிக்கப் போவுது, போடுய்யா கையெழுத்த" என்று அதட்டி முடித்து வைத்தாள்.

பிரெட்னிசலோன் மாத்திரையும் நாலு கட்டளைகளும் கொடுத்து அனுப்பினார்கள். வெயிலில் போகக் கூடாது. மாத்திரையை ஒருநாளும் திடீரென்று நிறுத்தக் கூடாது. உப்பு அறவே கூடாது. நாலாவதாக, வாரம் ஒருதரம் சிறுநீரைக் காய்ச்சி, எவ்வளவு வெளுக்கிறது என்று பார்த்து எழுதி வர வேண்டும். நான் லேப் ஆள் என்று தெரிந்ததும் அந்த வேலையை டாக்டர் என்னிடம் விட்டார். "மூணு மாசம் பாப்போம். இந்த வெள்ளை கொறையணும், கால் வத்தணும். இல்லேன்னா கிட்னி தாங்காதுப்பா" என்று என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். நான் மாமாவிடம் மட்டும் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் அவர் உப்பு ஜாடியைத் தூக்கிச் சின்னபொண்ணிடம் கொடுத்துவிட்டார்.

ஓரம் உடைந்தது என்று பள்ளிக்கூடத்தில் ஒதுக்கிய டெஸ்ட் ட்யூப் நாலும் ஒரு ஸ்பிரிட் விளக்கும் ஹெட்மாஸ்டரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரயிலேறினேன். ட்யூபில் முன்பு எதை ஊற்றினார்களோ என்று மாமா அவற்றை இரண்டு தடவை கொதிக்கும் நீரில் போட்டு எடுத்தார். அக்காவின் சிறுநீரை ட்யூபில் ஊற்றி, மேல் பாதியைத் தீயில் காட்டினேன். தெளிவாக இருந்தது கலங்கி, ஒரு சொட்டு அமிலம் விட்டும் தெளியாமல் மோர் போல வெள்ளையாக நின்றது.

"இன்னா மச்சான் இது?"

"உப்பு மாமா. இது வழியா உப்பு போவுது."

அது உப்பில்லை. உடம்புக்கு வேண்டிய ஆல்புமின் என்கிற சத்து. ஆனால் எங்கள் பக்கத்தில் கம்பவுண்டர் முதல் மருத்துவச்சி வரை அதை உப்பு என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்லிவிட்டு ரயிலேறிவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போனேன். முதல் மாதம் மோர். இரண்டாம் மாதம் தயிர். அக்காவின் முகம் மாத்திரையால் உருண்டையாகி, வேறு யாரோ போல இருந்தது. கால் வீக்கம் தொடைக்கு ஏறி, படுத்தால் மூச்சு முட்டி, சுவரில் சாய்ந்தபடியே தூங்கினாள். மாத்திரை போலியா? டப்பாவைப் பார்த்தேன், சரியாக இருந்தது. ஒருநாளும் தவறவில்லை. சமையலில் உப்பு கிடையாது, ருசி பார்த்தேன். பிறகு ஏன் ஏறுகிறது? மாமா வழக்கம் போல எல்லோரையும் சந்தேகப்பட்டார். நான் முதல் முறையாக மாமாவைச் சந்தேகப்பட்டேன்.

சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. ஏழு வருஷமாகக் குழந்தை இல்லை. மாமாவின் அம்மா வேறு பெண் பார்க்கலாம் என்று ஏற்கெனவே ஒருதரம் வாய்விட்டுச் சொல்லியிருந்தாள். மூன்றாம் மாதம் ஒரு ஞாயிறு, ஸ்டேஷனிலிருந்து வரும் என்னைச் சின்னபொண்ணு வழியிலேயே மடக்கினாள்.

"தம்பி, நான் சொன்னேன்னு சொல்லாத. உங்க மாமா சட்டைப் பையில ஒரு பொட்டலம் வச்சிக்கினு இருக்காரு. தெனம் உங்க அக்கா கஞ்சில மட்டும் கலக்குறாரு. யாராச்சும் வந்தா ஒளிச்சிக்கிறாரு. ஜன்னல் வழியா நானே பாத்தேன்."

எனக்கு வந்தது ஆத்திரமா பயமா என்று தெரியவில்லை. முன்வாசலில் நுழையாமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு போய்ச் சமையலறை ஜன்னலோரம் திருடனைப் போல நின்றேன். சொன்னது பொய்யில்லை. மாமா கேப்பைக் கஞ்சியை இரண்டு கிண்ணத்தில் ஊற்றினார். வாசல் பக்கம் பார்த்தார். காக்கிச் சட்டைப் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து, வெள்ளைத் தூளை ஒரு கிண்ணத்தில் மட்டும் போட்டுக் கலக்கினார்.

பின்கதவு வழியாகப் பாய்ந்து போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். பொட்டலம் தரையில் சிந்தியது. எடுத்து நாக்கு நுனியில் வைத்தேன். எதற்கும் தயாராகத்தான் வைத்தேன்.

உப்பு. கல்லுப்பை நசுக்கித் தூளாக்கிய வெறும் உப்பு.

விஷமாக இருந்திருந்தால்கூட அவ்வளவு கோபம் வந்திருக்காது. மூன்று மாதமாக அவளை வீங்க வைத்தது இது என்று தெரிந்ததும் மரியாதை எல்லாம் போய்விட்டது.

"டாக்டரு படிச்சுப் படிச்சு சொன்னாரே! நீயெல்லாம் சோத்துல உப்பு போட்டுத்தான் திங்கிறியா?"

மாமா என்னை நிமிர்ந்து பார்த்தார். அது திட்டு என்றே அவருக்கு உறைக்கவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார்.

"இல்ல மச்சான். மூணு மாசமா போட்டுக்கறது இல்ல."

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"மலையனூர் ஆத்தாவுக்கு வேண்டிக்கினு இருக்கேன். இவ காலு வத்தற வரிக்கும் நாக்குல உப்பு வைக்க மாட்டேன்னு. ஆனா இவளுக்கு எப்பிடி மச்சான் போடாம இருக்கறது? உப்பு போவுது, உப்பு போவுதுன்னு நீதான வாரா வாரம் காச்சிக் காட்டுன? போற உப்பு போய்க்கினே இருக்குது, டாக்டரு இன்னான்னா திங்கவும் கூடாதுங்கறான். ரெண்டு பக்கமும் அடச்சிட்டா உயிரு எங்கேருந்து நிக்கும்? அவன் மேலதான் எனுக்கு சந்தேகம். தயிரு மாரி ஆவ ஆவ நான் ரெண்டு சிட்டிகை கூடப் போட்டேன்."

என் வாயிலிருந்து வந்த ஒரு வார்த்தைதான் மூன்று மாதமாக அவர் சட்டைப் பையில் பொட்டலமாக இருந்திருக்கிறது. தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவரைக் கொலைகாரன் என்று நினைத்தபடி ஜன்னலோரம் நின்றேனே, அந்த வெட்கம் ஒரு பக்கம். அந்தப் பொட்டலத்தில் என் பங்கும் இருக்கிறதே என்ற பயம் இன்னொரு பக்கம். அது உப்பில்லை மாமா, முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி ஒரு சத்து, அதனால்தான் தீயில் காட்டினால் வெளுக்கிறது, உப்பைத் தின்றால் தண்ணீர் தங்கித்தான் வீங்கும் என்று அழுதுகொண்டே சொன்னேன். அவர் நம்பவில்லை. சிந்திய உப்பைத் தண்ணீரில் கரைத்து, ட்யூபில் ஊற்றித் தீயில் காட்டினேன். கொதித்தது, வெளுக்கவில்லை. ஒரு முட்டையின் வெள்ளைக்கருவைத் தண்ணீரில் அடித்துக் காட்டினேன். வெளுத்துத் திரண்டது. உப்புத் தண்ணீரை மாமா தானே இன்னொரு முறை காய்ச்சிப் பார்த்தார். மூன்றாம் முறையும் பார்த்தார். பிறகு விளக்கை அணைத்துவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"உனக்காச்சும் தெரியலியா அக்கா? கஞ்சி கரிக்குதே, சொல்லக் கூடாதா?" என்று உள்ளே போய்க் கத்தினேன்.

சுவரில் சாய்ந்திருந்த அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். "தெரியாம இன்னா? எல்லாரு மேலயும் சந்தேகப்படற மனுசன், எம்மேல மட்டும் பட்டதே இல்ல. அந்தாளு கலக்கிக் குடுக்கறதை நான் சந்தேகப்படலாமாடா?"

அன்றைக்கே மெட்ராசுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். நடந்ததை மாமா தன் வாயாலேயே டாக்டரிடம் சொன்னார், ஒன்றையும் மறைக்காமல். டாக்டர் திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. இனிமேல் எந்த நோயாளியிடமும் உப்பு என்ற வார்த்தையைச் சொல்லாதே என்று என்னிடம்தான் சொன்னார். ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். கால் வற்றியது. ஆனாலும் வேண்டுதலை முடிக்க மாமாவுக்கு மனம் வரவில்லை. நிஜமாகவே வற்றிவிட்டதா என்று தினமும் காலையில் கட்டை விரலால் அழுத்திப் பார்ப்பார், மூன்று தடவை. அப்படியே ஒன்றரை வருஷம் போனது. தயிர் மோராகி, மோர் நீர்மோராகி, ஒரு ஞாயிறு ட்யூப் தெளிவாகவே நின்றது. "தண்ணிய ஊத்திக்கினு வந்து ஏமாத்தறியா?" என்று அக்காவைக் கேட்டார். அவளைச் சந்தேகப்பட்டது அந்த ஒரு நாள்தான்.

இனிமேல் சிட்டிகை உப்பு சேர்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். "எழுதிக் குடுங்க" என்றார் மாமா. டாக்டர் தமிழிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டுதான் சின்னபொண்ணு வீட்டிலிருந்து ஜாடியைத் திரும்ப வாங்கினார்.

முதல் நாள் அக்கா ஒரே ஒரு சிட்டிகை போட்டு ரசம் வைத்து, இரண்டு பேருக்கும் ஊற்றினாள். நானும் இருந்தேன். ஏறக்குறைய இரண்டு வருஷம் கழித்து நாக்கில் உப்புப் பட, மாமா ஒரு வாய் வைத்தார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"கரிக்குதுடி" என்று சொல்லி, அக்கா முன்னாலிருந்த தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.